கல்லூரி வாசல் திறந்தது, பாடம் திறந்ததா?

(ஜவ்வாது மலையடிவாரத்தில் மாணவர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

கல்வியைப் பற்றிப் பேசாத மேடை நம் சமுதாயத்தில் இல்லை. ஆனால் இன்று நான் பேசப்போவது கல்லூரியில் இடம் வாங்குவது பற்றி அல்ல. இடம் வாங்கிய பிறகு, அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றி. அதைப் பேசுவதற்கு இந்த மலையடிவாரத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

நிமிர்ந்து பாருங்கள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. அங்கே வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசும் மலைமக்கள். சாமை விதைக்கிறார்கள், புளியும் தேனும் பலாவும் கொண்டுவந்து சந்தையில் விற்கிறார்கள். உங்களில் பலர் அவர்களிடம் சரக்கு வாங்குகிறவர்கள்தாம்.

குனிந்து பாருங்கள். கீழே ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர். நம் சமுதாயம் அடர்ந்து வாழும் ஊர்கள். தோல் தொழிலில் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஊர்கள். அந்த உழைப்பின் கனியாகத்தான் 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1965-ல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, 1969-ல் ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி. அரசு செய்யட்டும் என்று காத்திராமல், கைப்பணத்தைப் போட்டுக் கல்விக்கூடம் கட்டிய சமுதாயம் இது. அல்ஹம்துலில்லாஹ்!

இந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ரசாயனங்கள் வருவதற்கு முன்பு தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும். கடுக்காய் காட்டில் விளைவது. காட்டுப் பொருளைப் பொறுக்கிச் சுமந்து இறக்கியவர்கள் மலைமக்கள். அதைக் கொண்டு தொழில் நடத்தியவர்கள் நம் முன்னோர்கள். எனவே மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு மாணவன் நம் கல்லூரி வாசலில் நிற்கும்போது, அவன் அந்நியன் அல்லன். அந்தக் கட்டடத்தின் செங்கல்லில் அவன் பாட்டனாரின் வியர்வையும் கலந்திருக்கிறது.

வாசல் எப்படித் திறந்தது?

போராடித் திறந்தது. பழங்குடியினருக்கு 1 சதவீதத் தனி இட ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 1990-ல் வந்தது. முஸ்லிம்களாகிய நாம் மேடை மேடையாகக் கேட்டோம், வீதியில் இறங்கினோம், 2007-ல் 3.5 சதவீதம் கிடைத்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. ஊனமுற்றோருக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 3 சதவீதம் கொடுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை உயர்கல்வியில் 5 சதவீதமாக உயர்த்தியது.

ஏன் இத்தனை ஒதுக்கீடுகள்? 2006-ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை நினைவுபடுத்துகிறேன். 20 வயதைக் கடந்த இந்தியர்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம். முஸ்லிம்களில் 4 சதவீதத்துக்கும் குறைவு. வாசல் அடைத்துக் கிடந்ததற்கு அது ஆதாரம். வாசலைத் திறக்கச் சொல்லிக் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் சகோதரர்களே, வாசல் திறந்தால் போதுமா? உள்ளே நுழைந்தவன் முதல் ஆண்டு முடிவதற்குள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினால் அந்த ஒதுக்கீட்டினால் என்ன பயன்? அரசாணையில் அவன் பெயரில் ஓர் இடம் இருக்கிறது. பாடத்தில் அவனுக்கு இடம் இருக்கிறதா?

வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்?

இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு பி.காம். வகுப்பை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். அறுபது பேர்.

முதல் வரிசையில் ஒரு மாணவி. வீட்டில் உருது, பள்ளியில் உருது வழி. தமிழும் ஆங்கிலமும் அவளுக்கு இரண்டாவது, மூன்றாவது மொழிகள். நடுவரிசையில் ஒரு மாணவன். மலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழில் படித்தவன். அவன் பேசும் மலைத்தமிழைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களோ என்று வாயே திறக்கமாட்டான். கடைசி வரிசையில் நம் பிள்ளை ஒருவன். இரவு பத்து மணி வரை ஷூ கம்பெனியிலோ மாமாவின் கடையிலோ வேலை. காலை முதல் மணியில் கண் சொக்குகிறது. ஓரத்தில் பார்வைக் குறைவுள்ள ஒரு மாணவன். அவனுக்குப் பக்கத்தில், காதில் கருவி மாட்டிய ஒரு மாணவி. தலைமுடியும் முக்காடும் மறைத்திருப்பதால் அவளுக்குக் கேட்காது என்பதே ஆசிரியருக்குத் தெரியாது.

ஆசிரியர் வருகிறார். கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு, ஆங்கிலத்தில், வேகமாக, "இதையும் இதையும் கூட்டினால் இது வரும்" என்று விரலால் காட்டிவிட்டு மேலே செல்கிறார். பார்வை குறைந்தவனுக்கு எது "இது"? காது கேளாதவளுக்கு ஆசிரியரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது, உதடு தெரியவில்லை. உருதுப் பெண்ணுக்கும் மலைப் பையனுக்கும் சொல் புரியவில்லை. கடையில் வேலை பார்ப்பவன் தூங்கிவிட்டான். பாடம் நடந்தது, யாருக்கு நடந்தது?

ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் வரவில்லை. பல கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த சம்பளத்தில் காலம் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் படித்ததும் இப்படிப்பட்ட வகுப்பில்தான். பழுது ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ஒரே மாதிரியான ஒரு மாணவனை, அதாவது நன்றாகப் பார்ப்பவன், நன்றாகக் கேட்பவன், ஆங்கிலம் தெரிந்தவன், வீட்டில் வேலை இல்லாதவன், கைச்செலவுக்குக் கவலை இல்லாதவன் என்று ஒருவனைக் கற்பனை செய்துகொண்டு பாடத்தை வகுத்துவிட்டோம். அந்த அறுபது பேரில் அவனைத் தேடினால் ஐந்து பேர்கூடத் தேறமாட்டார்கள்.

வணிகர்களே, உங்களைக் கேட்கிறேன். சந்தையில் கடை போடுகிறீர்கள். தமிழ் பேசுகிறவர் வந்தால் தமிழில் பேசுகிறீர்கள். உருது பேசுகிறவருக்கு உருது. எல்லைப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத் தெலுங்கு. கண் தெரியாத முதியவர் வந்தால் துணியைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்கிறீர்கள். வாடிக்கையாளருக்குப் புரியவில்லை என்றால் நஷ்டம் கடைக்காரருக்கு. மாணவனுக்குப் புரியவில்லை என்றால் நஷ்டம் யாருக்கு? மாணவனுக்கு மட்டும்! கல்லூரியின் கணக்கில் அந்த நஷ்டம் ஏறுவதே இல்லை. "பையன் சரியில்லை" என்று ஒரு வரியில் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

விட்டுப்போனவன் எங்கே போகிறான்?

2015 ஏப்ரல் 7-ஆம் தேதியை இந்த மலை மறக்காது. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரக் காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். கூலிக்காகப் போனவர்கள் பிணமாக வந்தார்கள். அவர்களை அனுப்பிய முதலாளிகள் யாரும் சாகவில்லை.

படிப்பை விட்ட ஒவ்வொருவனும் செம்மரக் காட்டுக்குப் போகிறான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிப்பு கைவிட்ட இடத்தில் இடைத்தரகன் கை நீட்டுகிறான் என்பதை யார் மறுக்க முடியும்? நம் பிள்ளைகளுக்கும் அதே கதைதான். கல்லூரியை விட்டவன் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு, என்ன வேலை என்றே தெரியாமல் விமானம் ஏறுகிறான். மலையில் பிறந்தாலும் மஹல்லாவில் பிறந்தாலும், புரியாத பாடத்தின் முடிவு ஒன்றுதான்.

மறுபக்கம் ஒரு நல்ல செய்தியும் இந்த மலையிலிருந்தே வந்தது. திருவண்ணாமலை மாவட்டம் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 2023 நவம்பரில் பிரசவம் ஆன ஓரிரு நாட்களில் சென்னைக்குச் சென்று உரிமையியல் நீதிபதிக்கான தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில், 23 வயதில், தேர்ச்சி பெற்றவராக அறிவிக்கப்பட்டார். ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பு படித்தவர் அவர். நாடே பாராட்டியது. நாமும் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் பாராட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். பச்சை உடம்போடு பயணம் செய்தால்தான் மலைமகளுக்கு வெற்றி என்பது அவருக்குப் பெருமை, நமக்குப் பெருமையா? ஒருவர் மதிலேறிக் குதித்து உள்ளே போய்விட்டார் என்பதால், மதிலுக்குக் கதவு தேவையில்லை என்று ஆகிவிடுமா?

மார்க்கம் காட்டும் வழி

இதற்கு வழி தேடி வெகுதூரம் போக வேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் புரட்டுங்கள்.

முஆத் பின் ஜபல் (ரலி) அவர்கள் பெரிய கல்விமான். ஓர் இரவு இஷாத் தொழுகையில் நீண்ட அத்தியாயத்தை ஓதித் தொழுவித்தார்கள். பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு தண்ணீர் இறைத்துக் களைத்த ஒரு தொழிலாளி, நிற்க முடியாமல் விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போனார். அவரைக் குறை பேசினார்கள். வழக்கு நபிகளாரிடம் வந்தது. தீர்ப்பு யார் பக்கம்? கல்விமான் பக்கம் அல்ல, களைத்தவர் பக்கம்! பின்னால் முதியவரும் பலவீனரும் வேலையுள்ளவரும் நிற்கிறார்கள் என்பதை எண்ணிச் சிறிய அத்தியாயங்களை ஓதும்படி முஆத் அவர்களுக்குக் கண்டிப்புடன் கூறினார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரக்அத் குறைந்ததா? இல்லை. ருகூவும் ஸஜ்தாவும் குறைந்தனவா? இல்லை. கடமை முழுமையாக இருந்தது. நடத்தும் முறை மட்டும் மாறியது. அதேபோல, நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். உட்காரவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். தொழுகை ஒன்றுதான், நிலைகள் பல. ஆற்றலுக்கேற்ப வழி, ஆனால் எல்லோருக்கும் ஒரே கடமை. இன்று உலகக் கல்வியாளர்கள் வகுத்திருக்கும் பெரிய தத்துவத்தின் சாரம் இதுதான்.

அப்துல்லாஹ் பின் உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். பார்வையற்றவர். குறைஷித் தலைவர்களிடம் நபிகளார் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அறிவைத் தேடி வந்தார். தலைவர்களைவிடத் தேடி வந்த அந்தப் பார்வையற்றவரே முக்கியம் என்பதை உணர்த்தி "அபஸ" என்னும் 80-வது அத்தியாயம் இறங்கியது. பின்னாளில் அவர் மதீனாவில் பாங்கு சொல்பவராக இருந்தார். நபிகளார் பயணம் சென்றபோது மதீனாவின் பொறுப்பே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அனுதாபம் மட்டும் காட்டி அனுப்பவில்லை, பொறுப்பைக் கொடுத்தார்கள்.

சாய்தளம் யாருக்கு?

கட்டடக் கலையில் ஒரு பாடம் உண்டு. படிக்கட்டின் பக்கத்தில் ஒரு சாய்தளம் வைக்கிறோம். சக்கர நாற்காலிக்காரருக்கு என்றுதான் வைக்கிறோம். ஆனால் மூட்டை தள்ளும் தொழிலாளியும் அதில்தான் போகிறார், குழந்தை வண்டி தள்ளும் தாயும் போகிறார், முழங்கால் வலிக்கும் முதலாளியும் போகிறார். ஒருவருக்காக வைத்தது எல்லோருக்கும் பயன்படுகிறது.

இதையே பாடத்துக்கும் பொருத்தினார்கள் அமெரிக்காவில் 1984-ல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்னும் நிறுவனத்தார். அவர்கள் சொல்வது மூன்றே செய்திகள். பாடத்தை ஒரு வழியில் மட்டும் காட்டாதே. கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் காட்டு. மாணவன் தனக்குத் தெரிந்ததை ஒரு வழியில் மட்டும் சொல்லச் சொல்லாதே; எழுத்திலும் பேச்சிலும் செய்கையிலும் சொல்ல விடு. ஆர்வத்தை ஒரு வழியில் மட்டும் தூண்டாதே. அவரவர் வாழ்க்கையிலிருந்து தூண்டு. பிரச்சினை வந்த பிறகு ஒவ்வொருவராகச் சலுகை கேட்டு வரிசையில் நிற்கவிடாமல், பாடத்தை வகுக்கும்போதே எல்லோரையும் மனத்தில் வைத்து வகுப்பது. அவ்வளவுதான்.

அந்த பி.காம். வகுப்புக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? கவனமாகக் கேளுங்கள், இதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு காசு செலவில்லை.

ஒன்று: ஆசிரியர் வகுப்பைப் பார்த்து நின்று பேச வேண்டும். பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்ல வேண்டும். "இது, அது" என்று சுட்டாமல், "வரவுப் பக்கத்தில் 500 ரூபாய்" என்று பெயர் சொல்ல வேண்டும்.

இரண்டு: பொருள் முதலில், தாய்மொழிச் சொல் அடுத்து, ஆங்கிலச் சொல் கடைசியில். "டிப்ரிசியேஷன்" என்று தொடங்கினால் பாதி வகுப்பு மிரண்டுவிடும். "கம்பெனியில் இருக்கும் தையல் மெஷின் வருஷத்துக்கு வருஷம் பழசாகி விலை குறைகிறதே, அந்தக் குறைவுக்குத் தேய்மானம் என்று பெயர், ஆங்கிலத்தில் டிப்ரிசியேஷன்" என்றால் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவன் தூக்கம் கலைந்து நிமிர்வான். அவனுக்குத் தெரிந்த விஷயம் அல்லவா! சாமையும் புளியும் சந்தையில் விலை ஏறி இறங்குவதை வைத்துப் புள்ளியியல் நடத்தினால், வாய் திறக்காத மலைப் பையன் வகுப்புக்கே ஆசிரியர் ஆகிவிடுவான். ஆங்கிலச் சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்கு அது வேண்டும். அது ஏறும் படியாக இருக்கட்டும், தடுக்கும் சுவராக இருக்க வேண்டாம். பொறியியலையே தமிழில் நடத்தலாம் என்று 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியில் தொடங்கியதை மறந்துவிடாதீர்கள்.

மூன்று: குறிப்புகளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதுவும் எப்படி? கையால் எழுதியதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் பார்வையற்றவரின் கருவி அதைச் சரியாக வாசிக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தாலும் வாசிக்காது. தமிழக அரசே 2010-ல் தரமாக ஏற்ற யூனிகோடு எழுத்தில் அடித்துக் கொடுத்தால் வாசிக்கும். என்.வி.டி.ஏ. என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006-ல் தொடங்கிய முயற்சி, இலவசம், கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும். இப்படிப்பட்ட திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு படித்த சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபின் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அப்பணிக்கு வந்தது அதுவே முதல் முறை.

நான்கு: சோதிக்கும் முறை. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை ஒரே எழுத்துத் தேர்வில் கொட்டிவிடாமல், ஒரு பகுதியை வாய்மொழியாகவும் ஒரு பகுதியைச் செய்முறையாகவும் பிரிக்கலாம். மலைப் பேருந்து வராத நாளில் தேர்வைத் தவறவிட்டவனுக்கு இன்னொரு நாள் கொடுக்கலாம். தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் இதைத் தாங்களே செய்துகொள்ளலாம். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது பாடமெல்லாம் கைபேசிக்குப் போனபோது, சிக்னல் கிடைக்காத மலைக்கிராமத்துப் பிள்ளைகள் என்ன பாடுபட்டார்கள் என்பதைக் கண்டோமே! அந்தப் பாடத்தை நாம் கற்க வேண்டாமா?

ஐந்து: மானம். "உதவித்தொகை வாங்குகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் சொல்லாதீர்கள். மொழியைக் கிண்டல் செய்பவரைக் கண்டியுங்கள். தேவையைத் தனியாக, தணிந்த குரலில் கேளுங்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவனிடமும் ஒரு தாளைக் கொடுத்து, "நீ நன்றாகப் படிக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று எழுதி வாங்குங்கள்.

சட்டம் நம் கையில் இருக்கிறது

இவையெல்லாம் தர்மம் அல்ல, உரிமை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-வது பிரிவு, அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களும் குறைந்தது 5 சதவீத இடத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் தருகிறது. 1995-ல் 7 வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 வகையாக விரிந்தது. கற்றல் குறைபாடும் அதில் அடக்கம். தேர்வு எழுத உதவியாளரும், மணிக்குக் குறைந்தது 20 நிமிடக் கூடுதல் நேரமும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் இருக்கின்றன. கல்வி நிறுவனங்களில் இதை நிறைவேற்ற வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் கோளாறுள்ள ஒருவரின் வழக்கில், குறைபாட்டின் சதவீதத்தைக் காரணம் காட்டி உதவியாளரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோரும் அணுகக்கூடிய கல்லூரிகளுக்கான வழிகாட்டு நெறிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்டது.

உரிமை மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். எத்தனை பேர் முறையிட்டோம்? எத்தனை ஜமாஅத்துகளுக்கு இது தெரியும்?

"தரம் குறைந்துவிடாதா?"

இந்தக் கேள்வி வரும். வரட்டும். சாய்தளம் வைத்ததால் மாடியின் உயரம் குறைந்ததா? முஆத் (ரலி) அவர்கள் சிறிய அத்தியாயம் ஓதியதால் இஷா நான்கு ரக்அத் மூன்றாகிவிட்டதா? கேள்வித்தாள் அதேதான், விடையும் அதேதான். விடைக்குப் போகும் பாதைதான் பல. உண்மையில், புரியாமல் உருப்போட்டு எழுதித் தேர்ச்சி பெற்ற பட்டதாரியால்தான் தரம் குறைகிறது. அவனை வேலைக்கு வைத்துப் பார்த்த வணிகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வியும் வரும்: "நம் பிள்ளைகளே தவிக்கும்போது மலைமக்களுக்கும் மற்றவர்களுக்கும் நாம் ஏன் பேச வேண்டும்?" சகோதரர்களே, அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு நமக்குக் கல்லூரி நடத்தும் உரிமையைத் தந்தது. அரசிடம் நாம் எந்த நீதியைக் கேட்கிறோமோ, அதே நீதியை நம் வளாகத்துக்குள் நாம் கொடுக்க வேண்டும். வாங்கும்போது ஒரு தராசும் கொடுக்கும்போது வேறு தராசும் வைப்பவரை மார்க்கம் என்ன சொல்கிறது என்பது வணிகர்களாகிய உங்களுக்குத் தெரியும். அதுமட்டுமல்ல, மலைப் பையனுக்காகப் பாடத்தை எளிமையாக்கினால் பயன்பெறுவது நம் உருதுப் பெண்ணும், இரவு வேலை பார்க்கும் நம் பையனும்தான். சாய்தளத்தில் எல்லோரும் நடக்கலாம்.

இந்த மலைமேல் காவலூரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. கோடானுகோடி மைலுக்கு அப்பால் உள்ள நட்சத்திரத்தை இங்கிருந்து பார்க்கிறார்கள். பெருமைதான். ஆனால் வகுப்பறையின் கடைசி வரிசை நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால்?

என்ன செய்யப் போகிறோம்?

மாணவர்களே! குறிப்புகளைப் பிழையின்றி யூனிகோடில் அடித்து வகுப்புக்கே கொடுங்கள். பார்வையற்ற தோழனுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க முன்வாருங்கள். தமிழ், உருது, ஆங்கிலம் மூன்றிலும் பாடச் சொற்களைத் தொகுத்து ஒரு சிறு கையேடு தயாரியுங்கள். ஒரு விடுமுறையில் முடிகிற வேலை இது.

வணிகர்களே! கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கும்போது நுழைவாயிலில் பெயர் பொறிப்பதற்கு மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு சாய்தளத்துக்கு, தரைத்தளத்தில் ஒரு கழிப்பறைக்கு, நூலகத்தில் திரைவாசிப்பு மென்பொருள் போட்ட இரண்டு கணினிக்கு, மலை மாணவர்களின் விடுதிக் கட்டணத்துக்குக் கொடுங்கள். உங்களிடம் வேலை பார்க்கும் பையன் கல்லூரியில் படிக்கிறான் என்றால், தேர்வுக்கு முந்தைய வாரம் அவனை மாலையிலேயே விடுங்கள். அதுவும் கல்விக்கொடைதான்.

நிர்வாகிகளே! ஆண்டுக்கு இரண்டு நாளாவது ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி கொடுங்கள். சேர்ந்தவர் எத்தனை பேர் என்று மட்டும் அறிக்கை வெளியிடாமல், இடையில் விட்டவர் எத்தனை, ஏன் விட்டார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.

அரசை நாம் கேட்பது: மலைக்கும் அடிவாரக் கல்லூரிகளுக்கும் வகுப்பு நேரத்துக்கேற்பப் பேருந்து விடுங்கள். பழங்குடிச் சாதிச் சான்றுக்கு மாணவர்களை அலையவிடாதீர்கள். கௌரவ விரிவுரையாளர்களுக்கு உரிய ஊதியமும் பயிற்சியும் கொடுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் 5 சதவீத ஒதுக்கீடு எவ்வளவு நிரம்பியது என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

வாசலுக்காகப் போராடிய சமுதாயம் இது. இனி பாடத்துக்காகவும் போராடுவோம். பின்னால் நிற்கும் பலவீனரை எண்ணித் தொழுகையை நடத்தச் சொன்ன நபியின் உம்மத்து, கடைசி வரிசையை எண்ணிக் கல்லூரியை நடத்தட்டும். அதற்கான மனத்தையும் வலிமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.